முப்பது மைக்ரான்

அத்தியாயம் பதினொன்று

அது புதன்கிழமையா வியாழக்கிழமையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் தூறல் இருந்ததாக ஒரு நினைவு. ஆனால் பரிசோதனை அறையின் ஜன்னல் வழியே தூரத்துத் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிந்ததாகவும் நினைவு இருக்கிறது. இரண்டும் ஒரே காலையில் நடந்திருக்காது. யார் முதலில் பேசினார்கள், யார் முதலில் எழுந்து போனார்கள் என்பதைக்கூட அன்று மதியம் இன்னொரு அறையில் கூடிப் பேசிய மூவரும் பிற்பாடு மூன்று விதமாகச் சொன்னார்கள். மூவரும் ஒரே மாதிரி சொன்னது, மூன்று மணிக்குப் பரிசோதகர் வருவதாக இருந்தார் என்பதை மட்டும்தான்.

போன அத்தியாயத்தில் விட்ட இடம் இது. அந்தப் பட்டறை இருபத்தாறு வருஷமாகச் செய்துவரும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, வெளித்தோற்றம் மாறாமல், தடிமன் கூடாமல், டிஜிட்டல் கேமராவாக மாற வேண்டும். ஃபிலிம் ஓடிய இடத்தில் சென்சார் உட்கார வேண்டும். ஒன்றரை வருஷமாக அந்த வேலையைச் செய்தவள் சுண்டு. பட்டறையைத் தொடங்கிய பெரியவரின் ஒரே மகள். பெரியவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அவருடைய தம்பி, எல்லோர் வாயிலும் சின்னவர், பட்டறையை நடத்துகிறார்.

சுண்டு செய்த ஏழு மாதிரி கேமராக்களும் போன வாரம் படம் எடுத்தன. ஏழு கேமராவின் படங்களும் மங்கல்.

சென்சார் கொடுத்த நிறுவனத்தின் பரிசோதகர் வந்து பார்ப்பார். தேறாவிட்டால் கேமராவின் உடலையும் அவர்களே வடிவமைத்துக்கொள்வார்கள். பட்டறை லென்ஸை மட்டும் செய்து கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கலாம். சுண்டுவுக்கு வடிவமைப்பு அறையில் மேஜை இருக்காது.

இத்தனையும் தெரிந்துதான் அண்ணி அன்று காலை எட்டு மணிக்கே பரிசோதனை அறையைத் திறந்தாள்.

அண்ணி என்றால் பெரியவரின் மனைவி, சுண்டுவின் அம்மா. சின்னவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பட்டறை முழுக்க அவளை அண்ணி என்றே கூப்பிட்டது. அவளைவிடப் பத்து வயது பெரிய கடைசல்காரர்கூட அப்படித்தான்.

அவளுடைய வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம், செய்வதுதான் கஷ்டம். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் கண் வைத்துப் பார்த்தால் நடுவில் சின்னதாக ஒரு கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் எதிரே இருக்கும் பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் இரண்டு பிம்பமும் நெருங்கி வந்து ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்த இடத்தில் படம் தெளிவாக விழ வேண்டும். விழும்படி செய்வது அண்ணியின் வேலை. ஒவ்வொரு கேமராவும் அவள் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும்.

ஏழில் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்தாள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பினாள். ஒன்றாயிற்று. பிசிறு இல்லை.

பிறகு ஏன் மங்குகிறது?

"அண்ணி."

வாசலில் சின்னவர் நின்றிருந்தார். வழக்கம்போல அரைக் கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல்.

"வாங்க தம்பி."

"கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

அவள் கேமராவைக் கீழே வைத்தாள். அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

"போன வருஷம் மாத்தினேன்."

"இல்ல, சும்மா கேட்டேன். சுண்டு ராத்திரியும் பகலுமா அவ பக்கத்தப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கறா. எனக்கும் ஒண்ணும் புரியல. எல்லாப் பக்கமும் பாக்கணும் இல்லையா."

"பாக்கணும்தான்."

"தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல."

அவர் போனார். அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழுக்கு இல்லாத கண்ணாடியை எவ்வளவு நேரம் துடைக்க முடியுமோ அவ்வளவு நேரம் துடைத்தாள். அவள் கண்ணின் மேல் இதே சந்தேகத்தை இன்னொருவர் இதே அறையில் எழுப்பியிருக்கிறார். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது.

பத்து மணிக்குச் சுண்டு வந்தாள். நான்கு நாளாகப் பின்னாத தலை. கையில் படத்தாள்கள். மேஜை மேல் அவற்றைப் பரப்பினாள். சாய்த்து வைத்த அளவுகோலை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படங்கள். அளவுகோலின் நடுக்கோட்டில் குறி வைத்து எடுத்தால் நடுக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். தெளிவு அதற்கு முன்னால், கேமராவின் பக்கமாக விழுந்திருந்தது.

"ஒரு விரல் அகலம்மா. ஒரு விரல் அகலம் முன்னால விழுது."

"சாப்பிட்டியா?"

"அம்மா, நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்கற?"

"ரெண்டும்தான் கேக்கறேன்."

சுண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். படத்தாள்களின் மூலைகளை இழுத்து நேராக்கினாள். பதில் பேசாமல் இருப்பது அந்த வீட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. பெரியவர் இருந்த காலத்திலேயே சாப்பாட்டு மேஜையில் தட்டுச் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

"சென்சாருக்கு முன்னால கண்ணாடி மூடி இருக்கில்ல, அதோட கனத்தக் கணக்குல சேத்ததுல தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கறேன்," என்றாள் சுண்டு. "எங்கன்னு தெரியல. ஆனா அங்கதான் இருக்கணும். மத்தது எல்லாம் அப்பாவோட எண்ல இருக்கு. லென்ஸ் உக்கார்ற முகத்துலேருந்து சென்சார் வரைக்கும் இருபத்தொன்பது புள்ளி இருபது. ஒரு மயிரிழை மாறல. அது தப்பா இருக்க வாய்ப்பே இல்ல."

29.20. பெரியவரின் வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்ட எண், மில்லிமீட்டரில். சின்னவர் அச்சடித்த ஒவ்வொரு கையேட்டின் முதல் பக்கத்திலும் அது இருந்தது. சுண்டு பத்து வயதில் தன் சைக்கிள் பூட்டுக்கு வைத்த எண்ணும் அதுதான்.

"ஓரத்துல இருட்டு விழாம பண்ணினேன். அதுதான் கஷ்டம்னு எல்லாரும் சொன்னாங்க. லென்ஸ் இவ்வளவு கிட்ட இருந்தா வெளிச்சம் சாஞ்சு வரும், சென்சார் தாங்காதுன்னாங்க. அத முடிச்சேன். கடைசில நேரா நடுவுல விழற வெளிச்சத்துல தோக்கறேன் பாரு."

"ஏழுலயும் ஒரு விரலா?"

"ம்."

"ஒண்ணுல கூட, ஒண்ணுல குறைய, அப்படி இல்லையா?"

"இல்லம்மா. ஏழும் அச்சுல வாத்த மாதிரி ஒரே தப்பு. அதான் சொல்றேன், கணக்குதான் தப்பு. கை தப்பு இல்ல. உன்னோடது இல்ல." சுண்டு எழுந்தாள். "சித்தப்பா உன் கண்ணக் கேட்டாராமே. அதுக்காகவும்தான் காலைல அவர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்."

"என்ன எழுதின?"

"பிழை என்னோடதுன்னு. மூணு மணிக்குப் பரிசோதகர் கைல அதக் குடுத்துட்டு நான் வடிவமைப்புலேருந்து விலகிடறேன்."

சொல்லிவிட்டுப் படத்தாள்களை அடுக்காமல் அள்ளிக்கொண்டு போனாள்.

அண்ணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஏழிலும் ஒரே தப்பு. கண் பிசகினால் ஒன்று முன்னால் விழும், ஒன்று பின்னால் விழும், இரண்டு தற்செயலாகச் சரியாகவும் இருக்கும். ஏழும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்தால் அது கண்ணின் வேலை அல்ல. அளவின் வேலை.

ஒரு மீட்டரில் ஒரு விரல் அகலம் என்றால் உள்ளே எவ்வளவு? அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. முப்பது மைக்ரான், அதாவது 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனில் பாதிகூட வராது.

மேஜையின் வலது மூலையில் மரப்பெட்டி இருந்தது. திறந்தாள். உள்ளே துணியில் சுற்றிய எஃகுத் துண்டு. அளவுக்கட்டை. ஒவ்வொரு கேமரா வரும்போதும் அவள் முதலில் இந்தக் கட்டையின் மேல் அளவுமுள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவாள். பிறகு கேமராவை வைப்பாள். முள் எவ்வளவு விலகுகிறதோ அந்தக் கனத்துக்கு ஒரு மெல்லிய பித்தளை வளையத்தை லென்ஸ் முகத்துக்கு அடியில் கொடுப்பாள். பட்டறையில் அதற்கு ஷிம் என்று பேர்.

சுண்டுவின் ஏழுக்கும் அப்படித்தான் செய்தாள். ஏழிலும் முள் ஒரே இடத்தில் நின்றது. ஏழுக்கும் முப்பது மைக்ரான் ஷிம். எவ்வளவு சுத்தமாகக் கடைந்திருக்கிறாள் என் பெண் என்று அன்று மனசுக்குள் பூரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பூரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த சீட்டில் 29.20 என்று பெரியவரின் கையெழுத்து. உள்ளே இருந்த கட்டை 29.23.

அது அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர இந்த உலகத்தில் இன்னும் ஒருவருக்குத் தெரியும்.

கட்டையைத் துணியோடு எடுத்துக்கொண்டு கடைசல் பகுதிக்குப் போனாள். அங்கே இருந்தவருக்குப் பட்டறை வைத்த பேர் மில்லி. எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொல்வார். பிள்ளை எவ்வளவு வளர்ந்துவிட்டான் என்று கேட்டால்கூட.

மில்லி துணியைப் பார்த்தார். கடைசல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"இருபத்தாறு வருஷமா இது உங்க மேஜையத் தாண்டினதில்லையே அண்ணி."

"சுண்டுவோட ஏழுக்கும் இதத்தான் வச்சு அளந்தேன்."

மில்லிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"ஐயையோ. ஃபிலிம் இல்லாத பெட்டிக்கு ஃபிலிமோட அளவா?"

"கை பழக்கம். யோசிக்கவே இல்ல."

நடந்தது இதுதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன், பெரியவர் வரைந்த முதல் நாலு கேமராக்களும் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தபோது அவள் எடுத்துப் பார்த்த படங்கள் மங்கின. மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஆளின் கண்ணில் குறி வைத்தால் காது தெளிந்தது. ராப்பகலாகப் பார்த்து அவள் காரணத்தைக் கண்டுபிடித்தாள். ஃபிலிம் தட்டையாக நிற்பதில்லை. சுருளில் இருந்த வளைவு போகாமல் லென்ஸ் பக்கமாக ஒரு துளி உப்பி நிற்கிறது. முப்பது மைக்ரான். பெரியவரின் எண் தட்டையான ஒரு பரப்புக்குச் சரி. வளையும் ஃபிலிமுக்குச் சரியில்லை.

அவரிடம் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கண்ணக் காட்டிட்டு வா," என்றார். காட்டிவிட்டு வந்தாள். கண்ணில் கோளாறு இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. மில்லியிடம் போய் முப்பது மைக்ரான் கூடுதலாக ஒரு கட்டை செய்து தரச் சொன்னாள். பழைய பெட்டிக்குள் வைத்தாள். அடுத்த கேமராவிலிருந்து படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல விழுந்தது.

"பாத்தியா, கை பழகினதும் சரியாயிடுச்சு," என்றார் பெரியவர்.

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை. ஊர் உலகமெல்லாம் அந்த எண்ணைப் புகழ்ந்தது. அவர் அந்தப் புகழோடு போய்ச் சேர்ந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா அண்ணி," என்றார் மில்லி குரலைத் தணித்து. "சாப்பாட்டு மணி அடிச்சதும் பரிசோதனை ரூம்ல யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு கேமராவத் திறங்க. ஷிம்ம எடுத்துடுங்க. மூடுங்க. மூணு மணிக்குப் படம் கத்தி மாதிரி விழும். சுண்டு ஜெயிச்சுடுவா. பெரியவர் பேரும் நிக்கும். உங்களுக்கும் எனக்கும் வயசாச்சு, இது நம்மளோட போகட்டும்."

"சுண்டு எழுதிக் குடுத்துட்டாளாம். தப்பு அவளோடதுன்னு."

"படம் நல்லா விழுந்தா அத யாரு பாக்கப் போறா?"

"அவ பாப்பா. கண்ணாடிக் கனத்துல இல்லாத தப்பத் தேடிக்கிட்டே இருப்பா. அடுத்த கேமராவுல அத சரி பண்றேன்னு நல்லா இருக்கறதக் கெடுப்பா."

மில்லி கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"நானா வாயத் திறக்க மாட்டேன்," என்றார் கடைசியில். "நீங்க திறந்தா நான் சாட்சிக்கு வர்றேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"அது போதும்."

சின்னவரின் அறையில் மூன்று நாற்காலிகள். சுவரில் பெரியவரின் வரைபடம், சட்டம் போட்டு. அண்ணி உள்ளே போனபோது சுண்டுவும் அங்கே இருந்தாள். மேஜை மேல் அவள் எழுதிய கடிதம். சின்னவர் அதன் மேல் பேனாவை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், பறந்துவிடும் என்பது போல.

அண்ணி துணியைப் பிரித்துக் கட்டையை அந்தக் கடிதத்தின் மேல் வைத்தாள்.

"அளந்து பாருங்க தம்பி."

"இத எதுக்கு? இது இருபத்தொன்பது இருபது."

"அளந்து பாருங்க."

அவர் இழுப்பறையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். அளந்தார். துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பிறகு அதைச் சுண்டுவிடம் நீட்டினார். அவளும் அளந்தாள்.

அடுத்து யார் முதலில் பேசினார்கள் என்பதில் பிற்பாடு மூவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அண்ணி சொன்னாள். ஃபிலிம் வளைவதை, தான் கண்டதை, கட்டை செய்யச் சொன்னதை, ஏழு கேமராவுக்கும் பழக்கத்தில் அதையே வைத்ததை. சுருக்கமாக, வரிசையாகச் சொன்னாள். கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"அப்பாவுக்குத் தெரியாதா?" என்றாள் சுண்டு.

"தெரியாது."

"நீ சொல்லவே இல்லையா?"

"ஒரு தடவ சொன்னேன்."

"ஒரு தடவயா. இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவ."

"ஆமா."

"நான் அந்த எண்ண வச்சுத்தானே எல்லாம் கட்டினேன். ஒன்றரை வருஷம் உன் பக்கத்துல உக்காந்து கட்டினேன். அப்பக்கூட உனக்கு வாய் வரலியா?"

"உன்னோட எண் சரி. உன் அப்பாவோட எண் சரி. சென்சார் வளையாது. அதுக்கு இருபத்தொன்பது இருபதுதான் வேணும். தப்பு நான் வச்ச ஷிம்மு."

"நான் அதக் கேக்கல."

அண்ணிக்கும் அது தெரியும். கட்டையை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

சின்னவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "முதல் பக்கத்துல போட்டிருக்கேன்," என்றார் யாரிடமோ போல. "ஒவ்வொரு கையேட்டுலயும். அண்ணனோட எண்ணுன்னு. அது ஒரு கேமராவுலகூட இல்லையா?"

"இல்ல."

"ஒண்ணுலகூட?"

"முதல் நாலுல இருந்துச்சு. அந்த நாலும் திரும்பி வந்துடுச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

அவருக்கு ஞாபகம் இருந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

சுண்டுதான் முதலில் எழுந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். மணி ஒன்று பத்து. "பேசறது அப்பறம்," என்றாள். "ஒண்ணையாவது பிரிக்கணும்."

பரிசோதனை அறையில் அடுத்த ஒன்றரை மணி நேரம் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுண்டு லென்ஸ் முகத்தின் திருகுகளைக் கழற்றினாள். ஷிம்மை இடுக்கியால் எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள். மூச்சு விட்டால் நகரும் அளவுக்கு மெல்லியது. முகத்தை மறுபடி பொருத்தி அளந்தாள். 29.20. முகம் நகர்ந்துவிட்டதால் இரண்டு பிம்பத்தையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதற்குச் சுண்டுவின் கை போதாது. கேமராவை அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். தண்ணீர்த் தொட்டி இரண்டாகத் தெரிந்தது. ஊசி போன்ற திருப்புளியால் உள்ளே இருந்த திருகைத் தொட்டாள். பிம்பம் அளவுக்கு மேல் நகர்ந்தது. கையைக் கீழே வைத்து, விரல்களை மடக்கி விரித்து, மறுபடி எடுத்தாள். இரண்டாவது தடவையும் தாண்டிப் போயிற்று. மூன்றாவது தடவை சுண்டு தன் உள்ளங்கையை அம்மாவின் மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. தாங்கல் வைப்பது போல வைத்தாள், அவ்வளவுதான்.

பிம்பங்கள் சேர்ந்தன.

இரண்டே முக்காலுக்கு அளவுகோலைச் சாய்த்து வைத்துச் சுண்டு படம் எடுத்தாள். திரையில் பெரிதாக்கினாள். நடுக்கோடு மயிரிழையாக நின்றது. அதன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கிப் போயிற்று. பெரியவரின் எண்ணில் நின்று தெளிவாகப் படம் எடுத்த முதல் கேமரா அது. அதை அவர் பார்க்கவில்லை. சுண்டு திரையை அணைத்தாள்.

பரிசோதகர் சொன்ன நேரத்துக்குப் பரிசோதனை அறைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும் பெண். அதிகம் பேசாதவர். கேமராவைக் கையில் வாங்கியதும் அவருடைய கட்டைவிரல் தானாக ஃபிலிம் சுற்றும் நெம்புகோலைத் தேடி ஏமாந்தது.

"எல்லாரும் அதத்தான் தேடறாங்க," என்றார் மில்லி. அவர் எப்படி உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. கதவோரம் சாட்சிபோல நின்றிருந்தார்.

"நீங்க கொஞ்சம் அந்த வெளிச்சத்துல நில்லுங்க," என்றார் பரிசோதகர்.

"நானா? சிரிக்கணுமா?"

"வேண்டாம். அசையாம இருந்தா போதும்."

மில்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரிசோதகர் கண்ணில் குறி வைத்து எடுத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியை எடுத்தார். மூலைகளில் இருட்டு விழுகிறதா என்று வெள்ளைச் சுவரை எடுத்தார். தான் கொண்டுவந்த கணினியில் எல்லாவற்றையும் திறந்து நெடுநேரம் பார்த்தார். மில்லியின் இமை முடியை எண்ணலாம் போலிருந்தது.

"நல்லா இருக்கு," என்றார். "போன வாரம் அனுப்பின படங்கள் இப்படி இல்லையே. என்ன மாத்தினீங்க?"

சின்னவர் தொண்டையைச் செருமினார். சுண்டுவின் கடிதத்தை அவர் வெளியே எடுக்கவில்லை. அவருடைய சட்டைப்பையில் இருந்தது. "அசெம்ப்ளில ஒரு சின்னக் கைப்பிசகு. எங்க அண்ணி ரொம்ப வருஷமா பாக்கறாங்க. வயசாகுது, கண்ணு..."

"கண்ணு இல்ல," என்றாள் அண்ணி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஃபிலிம் உப்பி நிக்கும். அதுக்காக முப்பது மைக்ரான் தள்ளி ஒரு அளவுக்கட்டை வச்சிருக்கேன். வரைபடத்துல அது கிடையாது. இதுல ஃபிலிம் இல்லங்கறத மறந்து அதையே வச்சுட்டேன். இவ வடிவமைச்சதுல தப்பு இல்ல. என் கண்ணுலயும் தப்பு இல்ல."

பரிசோதகர் குறிப்பேட்டைத் திறந்தார். "வரைபடத்துல இல்லாத அளவு," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "அப்போ வெளில இருக்கற உங்க ஃபிலிம் கேமரா எல்லாமே அந்தக் கட்டைல செஞ்சதா?"

"எல்லாமே."

"இது அறிக்கைல வரும். பட்டறை சார்பா ஒருத்தர் கையெழுத்துப் போடணும். நாளைக்குள்ள அனுப்பிடுங்க."

அவரை வழியனுப்பிவிட்டுச் சின்னவர் பரிசோதனை அறைக்குத் திரும்பி வந்தார். இந்தத் தடவை அரைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து கட்டை மறுபடி உள்ளே போயிருந்த மரப்பெட்டியை மேஜையின் வலது மூலையிலிருந்து எடுத்தார்.

"ஒரு மாசம் வீட்ல இருங்க அண்ணி."

"தம்பி, அலமாரில பன்னெண்டு ஃபிலிம் கேமரா காத்துக்கிட்டு இருக்கு."

"சுண்டு பாத்துப்பா. நாளைலேருந்து எல்லாமே வரைபடத்துல இருக்கற அளவுதான். இருபத்தொன்பது இருபது. ஃபிலிம் கேமராவும் சேத்து. இந்தப் பட்டறைல இனிமே ஒரே ஒரு எண்தான்."

"படம் மங்கும்."

"அண்ணனோட எண்ல மங்கினா மங்கட்டும்."

சுண்டு அலமாரிப் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டது.

அன்று மாலைக்குள் நடந்து முடிந்தவை இவ்வளவுதான். கேமரா தேறியது. சின்னவர் சுண்டுவின் கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் அதைக் கிழிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள். அறிக்கையில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. 29.23 கட்டை சின்னவரின் இழுப்பறைக்குள் போயிற்று, சாவி அவருடைய சட்டைப்பையில். மில்லி வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனார். அண்ணி பரிசோதனை அறையின் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் பேருந்துக்கு நடந்தாள். சுண்டு அவளுடன் போகவில்லை. அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, பன்னிரண்டில் முதல் ஃபிலிம் கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதை எந்த அளவில் நிறுத்துவது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.